ஞாயிற்றுக்கிழமைச் சாவி

திண்டுக்கல்
20.2.2005

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி ராஜ் எழுதுவது. நானும் அன்புவும் பாப்பாவும் சுகம். அங்கே குளிர் விட்டதா? முழங்காலுக்கு நான் அனுப்பிய தைலம் வந்து சேர்ந்ததா? ஜார்க்கண்ட் தபால்காரரை நம்பி எண்ணெய்ப் பாட்டிலை அனுப்பியதற்கு அன்பு இன்னும் என்னைத் திட்டுகிறாள்.

என் கேசட் கடைக்கு வேகமான நெட் கனெக்‌ஷன் வந்துவிட்டது. முன்பு ஒரு பாட்டை ஏற்றுவதற்குள் ஒரு பூசை முடிந்துவிடும். இப்போது ஒரு டீ குடித்து வருவதற்குள் ஏறிவிடுகிறது. கொடைக்கானலில் வீட்டைக் காலி செய்துகொண்டு அமெரிக்கா திரும்பிய குடும்பத்திடம் ஒரு மூட்டை ராக் இசைத்தட்டு வாங்கி வந்தேனே, பூசணம் பிடித்துக் கிடந்ததே, அவற்றை ஒவ்வொன்றாகக் கழுவிக் காயவைத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். பழைய ராக், யாரும் சீந்தாத பழைய படங்கள், நின்றுபோன டி.வி. நிகழ்ச்சிகள் இவற்றைத் தேடி அலைகிறவர்களுக்கென்றே ஒரு வலைத்தளம் இருக்கிறது. அதில் போடுகிறேன். யாரும் யாரிடமும் காசு வாங்குவதில்லை. ஒரு போலந்துக்காரன் என்னிடம் தட்டு ஒன்றின் இரண்டாம் பக்கத்தை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு அவன் ஊர்ப் பேய்ப்படம் ஒன்றைக் கொடுத்தான். ரப்பர் முதலை ஒரு கிழவியைத் தின்கிறது. முதலை வயிற்றில் தையல் தெரிகிறது. பாப்பா அதை நாலு தடவை பார்த்துவிட்டாள்.

பேகம்பூர் ஜமால் முகமதுவை உனக்கு ஞாபகம் இருக்கும். தோல் பதனிடும் ஷாப் வீட்டுப் பையன், என்னோடு படித்தவன். எண்பத்தைந்தில் எங்கள் வட்டாரத்தில் அவன் வீட்டில்தான் வி.சி.ஆர். இருந்தது. மொட்டை மாடியில் இரும்புக் குழாயை நட்டு ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி இலங்கை டி.வி.யைப் பிடிப்போம். பாட்டு நிகழ்ச்சி வந்தால் பதிவு செய்துவிடுவோம். ஜமால் மலேசியா போகும்போது அந்த கேசட்டுகளை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். பாதிப் படம் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். ஆனாலும் அதைப் போட்டதிலிருந்து உலகம் முழுக்க இருக்கிற இலங்கைக்காரர்கள் எனக்கு எழுதுகிறார்கள்.

இதற்கெல்லாம் நேரம் கிடைப்பது முருகேசனால்தான். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பூசைக்குப் போய்விட்டு வீட்டில் இருந்துவிட, சாவியை வாங்கிக்கொண்டு அவன் கடையைப் பார்த்துக்கொள்கிறான். என்னைக் கட்டிய நாளிலிருந்து அன்புவை அவள் வீட்டார் தலைமுழுகிவிட்டார்கள். இன்றுவரை வந்து போகிறவன் இந்தத் தம்பி ஒருவன்தான். எங்கள் கல்யாணத்தில் பெண் வீட்டுப் பக்கம் போட்டிருந்த நாற்காலிகளில் அவன் ஒருத்தன் மட்டும் உட்கார்ந்திருந்தான். உனக்கும் அது தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள். எங்களுக்காக வேண்டிக்கொள்.

உன் தம்பி
ஆனந்த்ராஜ்

*

சிம்டேகா அஞ்சல், ஜார்க்கண்ட்
14.3.2005

அன்புத் தம்பி ராஜுக்கு, உங்கள் மூவருக்கும் தேவன்னையின் துணை இருப்பதாக.

தைலம் வந்தது. பாட்டில் உடையவில்லை. மூடிதான் கழன்று, பார்சல் முழுவதும் தைலமாகிவிட்டது. உன் கடிதத்தை விரித்து முழங்காலில் வைத்தாலே வலி போய்விடும்போல் இருந்தது. அன்புவிடம் அவள் திட்டியது நியாயம் என்று சொல்.

இங்கே எல்லாருக்கும் காய்ச்சல். டிஸ்பென்சரி வராந்தாவிலும் பாய் போட்டிருக்கிறோம். நேற்று ஓய்ந்து உட்கார்ந்தபோது உன் முதலைக் கதையை எங்கள் மதருக்கு இந்தியில் சொன்னேன். சிரித்தார். பிறகு, "அடுத்தவர் பாட்டையும் படத்தையும் எடுத்துக் கொடுப்பது திருட்டு இல்லையா, சிஸ்டர்?" என்று கேட்டார். விற்கிறவர் யாரும் இல்லாத சரக்கு, இவனும் விற்கவில்லை என்றேன். ஆனால் பதில் எனக்கே முழுசாகத் தெரியவில்லை. நீ யோசித்து வை.

மடத்தில் சேர்வதற்கு முந்தின வருஷம், அடுப்படியில் ரேடியோவை வைத்துக்கொண்டு இங்கிலீஷ் பாட்டுக்கு நான் கரண்டியால் தாளம் போட்டதைப் பார்த்து அப்பா ரேடியோ வயரைப் பிடுங்கினார். அதை வைத்து, உன் பாட்டுப் பைத்தியத்தை நான்தான் ஆரம்பித்துவைத்தேன் என்று நீ பழிபோடுவாய். போடு. ஏற்றுக்கொள்கிறேன்.

முருகேசனுக்கு என்ன வயசாகிறது? ஒரு நிலையான வேலை பார்க்கச் சொல். கடைக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம். வாழ்க்கைக்கு ஆள் வைத்துக்கொள்ள முடியாது.

அக்கா
செபாஸ்தியம்மாள்

*

திண்டுக்கல்
17.4.2005

அன்புள்ள அக்காவுக்கு,

வெயில் மண்டையைப் பிளக்கிறது. மற்றபடி எல்லாரும் நலம். உன் காய்ச்சல்காரர்கள் வீடு திரும்பினார்களா? நீ சரியாகச் சாப்பிடுகிறாயா?

இந்தக் கடிதத்தை ஒரு விஷயத்துக்காகவே எழுதுகிறேன். போன மாதம் ஜமால் கேசட் ஒன்றிலிருந்து இலங்கை டி.வி. நிகழ்ச்சி ஒன்றை ஏற்றினேன். கொழும்புப் பையன்கள் நாலு பேர் நீள முடியோடு நின்று கிட்டார் வாசிக்கிறார்கள். மொத்தம் நாலு நிமிஷம். நடுவில் யாரோ ஆன்டெனாவை ஆட்டியதில் படம் ஒருமுறை சாய்ந்து நிமிர்கிறது. ஆட்டியது நான்தான் என்று நினைக்கிறேன்.

ஒஸ்லோவிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். நாலு பேரில் இடது ஓரம் நிற்கிறவர் அவருடைய அண்ணன். எண்பத்தேழில் வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்களாம். யார் கூட்டிப் போனார்கள் என்று அவர் எழுதவில்லை. அதன்பிறகு ஆள் இல்லை. வீடும் எரிந்துவிட்டதால் அவர்களிடம் இருப்பது பள்ளிக்கூட அட்டையில் ஒட்டிய ஒரே ஒரு போட்டோ. "எங்கள் அம்மாவுக்கு எண்பத்தொரு வயது. அண்ணன் அசைவதை அவரிடம் காட்டினேன். திரும்பப் போடு, திரும்பப் போடு என்று சொன்னார். கடைசியில் கம்ப்யூட்டரைப் பார்த்து, 'சாப்பிட்டியா தம்பி' என்று கேட்டார்" என்று எழுதியிருக்கிறார்.

அக்கா, அன்று கடையை மூடிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்புவிடம் சொன்னபோது அவளும் அழுதாள். உன் மதரிடம் இதைச் சொல். திருட்டுதான் என்று அவர் சொன்னாலும் பரவாயில்லை, சொல்.

இன்னொரு நல்ல செய்தி. முருகேசனுக்கு ரெட்டியார்சத்திரத்தில் பெண் பார்த்திருக்கிறார்கள். அப்பா தக்காளி வெள்ளாமைக்காரர். பெண் நர்சரிப் பள்ளி டீச்சர். ஆவணியில் கல்யாணம். அன்புவைக் கூப்பிட மாட்டோம் என்று அவள் அம்மா சொல்லிவிட்டாராம். "அக்கா வராம நான் தாலி கட்ட மாட்டேன்" என்று இவன் அடம்பிடித்து அந்தக் கிழவியைப் பாதி மனம் இறங்க வைத்துவிட்டான். கையில் வேலை வேண்டுமே என்று அவனே ஒரு புது சி.டி. ரைட்டர் வாங்கிக் கடையில் மாட்டியிருக்கிறான். கல்யாண வீடியோ பதிந்து கொடுக்கிறானாம். சுறுசுறுப்பாகத்தான் இருக்கிறான்.

உன் தம்பி
ராஜ்

*

சிம்டேகா அஞ்சல்
25.6.2005

அன்புத் தம்பிக்கு,

உனக்கு மே மாதம் ஒன்று, இந்த மாதம் ஆரம்பத்தில் ஒன்று என்று இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை. தபால்காரரைக் கேட்டால் திண்டுக்கல் என்ற ஊரே அவருக்குப் பிடிக்கவில்லை என்பதுபோல் கையை விரிக்கிறார். ஜீப் கிடைத்த அன்று சிம்டேகா போய்க் கடைக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாருக்காவது உடம்பு சரியில்லையா? ஒஸ்லோ அம்மாவின் கதையை மதரிடம் சொன்னேன். அவர் எழுந்து சிற்றாலயத்துக்குப் போய்விட்டார். இதைப் படித்தேன் என்றாவது ஒரு வரி எழுது.

நீ எழுதாவிட்டால் அன்புவையாவது எழுதச் சொல்.

அக்கா

*

திண்டுக்கல்
9.7.2005

மதிப்பிற்குரிய மதினிக்கு அன்புக்கரசி வணக்கத்தோடு எழுதுவது.

உங்கள் உடம்பு நலமா? பாப்பா நன்றாக இருக்கிறாள். நீங்கள் போட்ட மூன்று கடிதமும் வந்தன. அவர் உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றார், "அக்காவுக்கு ரத்தக்கொதிப்பு" என்றார். அதனால் எழுதாமல் இருந்தேன். இனி முடியவில்லை.

அவர் மதுரை ஜெயிலில் இருக்கிறார்.

மே கடைசியில் ஒரு வியாழக்கிழமை, பட்டப்பகலில் போலீஸ் வந்தது. நான் அவருக்குச் சோறு கொண்டு போயிருந்தேன். மாடிப்படிக்குக் கீழே இரண்டு அட்டைப்பெட்டி இருந்தது. பிரித்தால் அம்புட்டும் புதுப்பட சி.டி. தியேட்டரில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற படங்கள். "இது யாருது?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். இவர் பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாசலில் முருகேசன் நின்றான், அவனையும் பார்த்தார். "என்னுதுதேன் சார்" என்றார். அவ்வளவுதான் மதினி.

பழைய கேசட்டுகளையும் இசைத்தட்டுகளையும் கம்ப்யூட்டரையும் சேர்த்து அள்ளினார்கள். அப்போதுதான் அவர் பதறினார். "சார், அது பழசு சார். எங்க தேடுனாலும் கெடைக்காது. அத மட்டும் விட்டுருங்க." "காப்பிதான? இதுல பழசென்ன புதுசென்ன" என்றார் அந்தப் போலீஸ்காரர். இசைத்தட்டுகளைக் கயிறு போட்டுக் கட்டி வேனில் எறிந்தார்கள். சத்தம் கேட்டது.

மறுநாள் லோக்கல் கேபிளில் அவரை நிற்கவைத்துக் காட்டினார்கள். முன்னால் சி.டி.யைக் கோபுரமாக அடுக்கி வைத்திருந்தார்கள். பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் சி.டி. என்றே கூப்பிடுகிறார்களாம். பிறகு குண்டர் சட்டம் என்று ஒன்று போட்டார்கள். ஒரு வருஷம்வரை ஜாமீன் கிடையாதாம். சாராயம் காய்ச்சுகிறவனுக்கும் கத்தி எடுக்கிறவனுக்கும் போடுகிற சட்டம்.

இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். "காசுக்கா இப்படிச் செஞ்சீங்க? நான் உங்ககிட்ட என்ன கேட்டேன்?" என்றேன். "விடு அன்பு" என்றார். திரும்பவும் கேட்டேன். திரும்பவும் "விடு." இந்த ஒரு வார்த்தையைக் கேட்பதற்கா நான் எங்கள் வீட்டை விட்டு வந்தேன்? அதன்பிறகு போகவில்லை.

முருகேசன்தான் துணை. சனிக்கிழமை தவறாமல் காய்கறி வாங்கிவந்து போடுகிறான். வக்கீல் சேக் பரீது அய்யாவை ஏற்பாடு செய்ததும் அவன்தான். அலைந்து அலைந்து பாதியாகிவிட்டான். கல்யாணத்தைத் தைக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள். நான் பக்கத்துத் தையல் கடையில் பட்டன் கட்டுகிறேன்.

நீங்கள் அவருக்காக ஜெபம் பண்ணுவீர்கள். எனக்கு அது வரவில்லை.

அன்புக்கரசி

*

சிம்டேகா அஞ்சல்
24.7.2005

என் தம்பி ராஜுக்கு,

அன்பு எழுதிவிட்டாள். அவளைக் கோபிக்காதே. எனக்கு ரத்தக்கொதிப்பு இருப்பது உண்மை. செய்தி தெரியாமல் இருந்தபோதுதான் அது கூடியது.

சாப்பாடு எப்படி? தரையில் படுக்கிறாயா? உனக்குச் சளி பிடித்தால் நெஞ்சில் தங்கும். வெந்நீர் கிடைத்தால் கேட்டு வாங்கிக் குடி.

ராஜ், உன்னைத் தூக்கி வளர்த்தவள் கேட்கிறேன். நீ புதுப்படம் பார்த்து எத்தனை வருஷமாகிறது? தியேட்டருக்குக் கூட்டிப்போனால் இடைவேளைக்கு முன்பே தூங்குகிறவன். கேசட்டைக்கூட இலவசமாகக் கொடுத்துவிட்டு, ஒஸ்லோ கிழவிக்காகக் கடையை மூடிவிட்டு அழுதவன். நீ புதுப்படத்தைப் பெட்டி பெட்டியாகப் பதிந்து விற்றாய் என்கிறார்கள். நீயும் ஆமாம் என்றிருக்கிறாய். அது உன்னுடையதா?

ஒரு வரி போதும்.

அக்கா

*

மதுரை
12.8.2005

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே கடிதங்களைப் படித்துப் பார்த்துத்தான் கொடுப்பார்கள், அனுப்புவார்கள். படிக்கிறவருக்கும் என் வணக்கம்.

நலமாக இருக்கிறேன். வெந்நீர் கிடைப்பதில்லை, ஆனால் சளியும் இல்லை. பக்கத்துப் பாயில் படுக்கிறவர் ஒருவர், நிலத் தகராறில் வந்தவர், "நீ என்னப்பா செஞ்ச?" என்று கேட்டார். சி.டி. என்றேன். அவர் அதை ஏதோ ஆயுதம் என்று நினைத்துக்கொண்டு கொஞ்ச நாள் என்னை மரியாதையாக நடத்தினார். விஷயம் தெரிந்த பிறகு மரியாதை போய்விட்டது.

ஒரு வரி கேட்டாய். கடை என் பெயரில் இருக்கிறது. கடைக்குள் இருந்தது எல்லாம் என் பொறுப்பு. இதுதான் அந்த வரி. இதற்குமேல் கேட்காதே அக்கா.

அன்பு வருவதில்லை. அவள் கோபம் எனக்குப் புரிகிறது. பாப்பா கணக்கில் எத்தனை மார்க் என்று மட்டும் எழுதச் சொல். முருகேசன் மனு போட்டு என்னைப் பார்க்க வந்தால் நேரம் முடியும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். வர வேண்டாம், கல்யாண வேலையைப் பார் என்று சொல்லி அனுப்பினேன்.

பாட்டு எதுவும் இப்போது ஞாபகம் வருவதில்லை. முதல் மாதம் வந்தது. ஒவ்வொரு தட்டாக, பக்கம் பக்கமாக மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பேன். பிறகு வேனில் எறிந்த சத்தம் நடுவில் வர ஆரம்பித்தது. நிறுத்திவிட்டேன்.

ஆனந்த்ராஜ்

*

திண்டுக்கல்
18.9.2005

மதினிக்கு வணக்கம். உங்கள் கால் வீக்கம் குறைந்ததா? பாப்பா கணக்கில் எழுபத்தொன்பது. அவருக்கும் எழுதிவிட்டேன். அதை மட்டும்தான் எழுதினேன்.

ஒரு தப்பு நடந்துபோனது. போன வாரம் தபால்காரர் வெளிநாட்டு ஸ்டாம்ப் ஒட்டிய பொட்டலம் ஒன்று கொடுத்தார். பிரித்தால் சி.டி. பத்துப் பன்னிரண்டு இருக்கும். மதினி, ஓடிப்போய் வாசல் கதவைச் சாத்தினேன். தெருவில் ஏதோ ஜீப் சத்தம் வேறு. திரும்பவும் வருகிறார்கள், இந்தத் தடவை என்னையும் பாப்பாவையும் சேர்த்துக் கொண்டுபோவார்கள் என்று தோன்றியது. கொல்லைக்கு ஓடி, வெந்நீர் அடுப்பில் எல்லாவற்றையும் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திவிட்டேன். சுருண்டு சுருண்டு எரிந்தன. பக்கத்து வீட்டுக் கருப்பம்மாள் நாற்றம் தாங்காமல் ஓடிவந்து, "ஏண்டி, வீட்டுக்குள்ள டயரையா எரிக்கிற?" என்றாள்.

கூட வந்த கடிதத்தை மட்டும் பாப்பா எடுத்து வைத்திருந்தாள். இங்கிலீஷ் எழுத்தில் அடித்த தமிழ். சாயங்காலம் எழுத்துக்கூட்டி வாசித்துச் சொன்னாள். அந்த ஒஸ்லோ அம்மா எழுதியது. "நீங்கள் தளத்துக்கு வந்து பல மாதமாகிவிட்டது. உங்கள் கம்ப்யூட்டர் பழுதாகியிருக்கும் என்று பேசிக்கொண்டோம். நீங்கள் கொடுத்ததையெல்லாம் நாங்கள் ஆளுக்குக் கொஞ்சமாக இறக்கி வைத்திருந்தோம். போலந்து, கனடா, ஆஸ்திரேலியா என்று எல்லாரிடமும் சேகரித்து உங்களுடையதை உங்களுக்கே அனுப்புகிறேன். ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. எங்கள் அம்மா ஜூனில் இறந்துவிட்டார். கடைசிவரை அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு நன்றி."

போலீஸ் கொண்டுபோனது அத்தனையும் திரும்பி வந்திருக்கிறது. நான் அடுப்பில் போட்டுவிட்டேன். அவரிடம் சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

அன்பு

*

சிம்டேகா அஞ்சல்
6.10.2005

அன்புத் தங்கச்சிக்கு,

எரித்ததற்காக அழாதே. பயந்தவள் கைக்குக் கிடைத்ததைச் செய்வாள். ஒஸ்லோவுக்குப் பாப்பாவை விட்டு நாலு வரி பதில் எழுதச் சொல். கிடைத்தது என்று மட்டும் எழுதினால் போதும், அது பொய் இல்லை.

என் கால் பரவாயில்லை. மழை விடவில்லை. பாலம் மூழ்கியதால் இந்தக் கடிதம் தாமதமாகத்தான் புறப்படும்.

அன்பு, உன் புருஷனிடம் நான் ஒன்று கேட்டேன். அவன் பதில் சொல்லாமல் பதில் எழுதியிருக்கிறான். அவன் உன்னிடமும் அதைத்தான் செய்தான் என்று நினைக்கிறேன். அதனால் உன்னிடம் ஒரு கேள்வி கேட்கிறேன். பதிலை எனக்கு எழுத வேண்டாம், நீயே வைத்துக்கொள்.

கடைச் சாவி அவனைத் தவிர வேறு யாரிடம் இருந்தது?

அக்கா செபாஸ்தியம்மாள்

*

திண்டுக்கல்
11.12.2005

மதினிக்கு,

உங்கள் கேள்வி தீபாவளிக்கு முன்பே வந்துவிட்டது. மடித்து அரிசி டிரம்முக்குள் வைத்தேன். அதைப் பற்றி நினைக்கக்கூடாது என்று இருந்தேன். நினைக்கத் தேவையில்லாமல் போய்விட்டது.

கருப்பம்மாள் வேடசந்தூர் மில்லுக்குப் போகிறவள். மில் பஸ்சில் வழியெல்லாம் படம் போடுவார்கள். தீபாவளி முடிந்து, வெஞ்சனத்துக்குக் கொஞ்சம் குழம்பு கேட்டு வந்தவள் பேச்சுவாக்கில் சொன்னாள்: "இந்த வருசம் தீவாளிக்கு ஒரு புதுப்படம் இல்லடி. முன்ன ஒந்தம்பிதேன் வாராவாரம் சி.டி. கொண்டாந்து டிரைவர்ட்ட குடுப்பாப்ல. எல்லா மில் பஸ்சுக்கும் அவன்தேன். இப்ப நிப்பாட்டிட்டான்." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். குழம்பை வாங்காமலே போய்விட்டாள்.

சனிக்கிழமை முருகேசன் வந்தான். சோறு போட்டேன். இரண்டு வாய் சாப்பிடவிட்டுக் கேட்டேன். "அந்தப் பெட்டி ஒன்னுதா?"

தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "மாமாதேன் வாயத் தொறக்காதன்னாருக்கா" என்றான். "அன்னைக்கே ஸ்டேசன்ல வச்சுச் சொல்லிட்டாரு. 'நான் உள்ள போனா திரும்பி வந்துருவேன். நீ போனா கல்யாணம் போயிரும், ஒங்கம்மா செத்துரும். ஒங்கக்காளுக்குன்னு மிச்சம் இருக்குறது நீ ஒருத்தன்தேன்'ன்னாரு. நான் வேணாம்னு சொல்லிருக்கணும். சொல்லலக்கா. பயமா இருந்துச்சு."

"நான் அந்த மனுசன் மொகத்துல முழிக்காம இருந்தேனேடா. நீயும் பாத்துக்கிட்டுத்தான இருந்த? காய் வாங்கியாந்து போட்டுக்கிட்டுப் பாத்துக்கிட்டுத்தான இருந்த?"

அழுதான். நான் அழவில்லை. "காலைல வா, ரெண்டு பேரும் வக்கீலப் போய்ப் பாப்போம்" என்றேன். சரி என்று தலையாட்டினான். காலையில் வரவில்லை. நெய்க்காரப்பட்டியில் எங்கள் சின்ன மாமா தோட்டத்துக்குப் போய்விட்டான் என்று மத்தியானம் தெரிந்தது.

நான் தனியாகவே போனேன் மதினி. சேக் பரீது அய்யா எல்லாம் கேட்டுவிட்டு, "நல்லா யோசிச்சுக்கம்மா. கூடப்பொறந்தவன். சொன்னா திரும்ப வாங்க முடியாது" என்றார். யோசித்தாயிற்று என்றேன். அவரோடு ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். ஆள் எங்கே என்று கேட்டார்கள். அதையும் சொன்னேன்.

கத்தரிக்காய்ப் பாத்தியில் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தவனைக் கையில் மண்வெட்டியோடு கூட்டிப்போனார்களாம். ரெட்டியார்சத்திரத்துக்காரர்கள் மறுநாளே நிச்சயத் தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

எங்கள் அம்மா வந்தது. பதினொரு வருஷமாக என் வாசலை மிதிக்காத அம்மா. ஆட்டோவை விட்டு இறங்கி, உள்ளே வராமல், தெருவில் உட்கார்ந்து இரண்டு கையாலும் மண்ணை வாரி என் வீட்டின் மேல் இறைத்தது. "ஒருத்தனுக்காகப் பெத்தவள வித்த. இப்பக் கூடப்பொறந்தவனையும் வித்துட்டியேடி. நீ நல்லாருப்பியா?" தெருவே நின்று பார்த்தது. பாப்பாவுக்கு அவளுடைய அம்மாச்சியை அன்றுதான் முதன்முதலாகத் தெரியும்.

மதுரைக்குப் போய் அவரிடம் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். கம்பிக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டே இருந்தார். நேரம் இன்னும் இருந்தது. எழுந்து உள்ளே போய்விட்டார்.

அன்புக்கரசி

*

திண்டுக்கல்
19.2.2006

அன்புள்ள அக்காவுக்கு,

உன் இரண்டு கடிதமும் வந்தன. உடனே எழுதாததற்குப் பொறுத்துக்கொள். கண் ஆபரேஷனுக்கு ராஞ்சி போனாயாமே, முடிந்ததா? கண்ணைக் கசக்காதே. இதை யாரையாவது வாசிக்கச் சொல்லலாம் என்று நினைக்காதே, தமிழ் தெரிந்தவர் அங்கே நீ ஒருத்திதான். ஆறியபிறகு படி.

ஜனவரியில் கோர்ட் அந்தக் குண்டர் சட்ட உத்தரவை ரத்து செய்தது. வெளியே வந்துவிட்டேன். சி.டி. வழக்கு தனியாக நடக்கிறது. வாய்தாவுக்குப் போய் வருகிறேன். கடையை உரிமைக்காரர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். செல்போன் ரீசார்ஜ் கடை வந்திருக்கிறது. நான் ஒரு ஜெராக்ஸ் கடையில் நிற்கிறேன். கொண்டுபோன கேசட்டுகளைக் கேட்டு மனு கொடுக்கலாம் என்றார் வக்கீல். வேண்டாம் என்றுவிட்டேன். ஒஸ்லோ பொட்டலத்தைப் பற்றி அன்பு சொன்னாள். அதற்காக அவள் மேல் எனக்குக் கோபமில்லை. நம்புகிறாளா தெரியவில்லை.

கோபம் வேறு இடத்தில் இருக்கிறது. வந்த அன்று அவள் கறி எடுத்துச் சமைத்திருந்தாள். சாப்பிட முடியவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிருக்கலாம்ல?" என்றேன்.

"நீங்க எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்ப?"

"இதத்தேன் செஞ்சிருப்பேன்" என்றாள். "அன்னைக்கே செஞ்சிருப்பேன். நீங்க ஒரு நாள்கூட உள்ள இருந்திருக்க மாட்டீங்க."

நான் அத்தனை மாதம் கிடந்தது அவளுக்கு அவள் தம்பி மிஞ்ச வேண்டும் என்பதற்காக. அவள் தம்பியைக் கொடுத்தது நான் மிஞ்ச வேண்டும் என்பதற்காக. இப்போது நாங்கள் இரண்டு பேரும் இருக்கிறோம். பாப்பாவின் வழியாகப் பேசிக்கொள்கிறோம். அம்மா, அப்பாவுக்குத் தண்ணி வேணுமாம். அப்பா, அம்மா கரண்டு பில் கேக்குது.

உன் சாவிக் கேள்வியை அவள் எனக்குக் காட்டினாள். உன்னிடம் எனக்குக் கோபம் உண்டா என்று நீ கேட்டிருக்கிறாய். அக்கா, எனக்குத் தெரியவில்லை. வேறு ஏதாவது கேள்.

முருகேசனுக்கும் அதே சட்டம்தான். அதே சிறை. வாராவாரம் மனு போட்டுப் பார்க்கப் போகிறேன். அன்புவும் வருகிறாள். பஸ்சில் என் பக்கத்தில் உட்கார மாட்டாள், பெண்கள் பக்கம் போய்விடுவாள். வாசல்வரை வந்து, எதிரே இருக்கிற வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொள்வாள். உள்ளே வருவதில்லை. நான் பெயர் கொடுத்துக் காத்திருப்பேன். அவன் வரமாட்டான் என்று வந்து சொல்வார்கள். பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்புவேன். நாலு வாரம் இப்படி.

நேற்று வந்தான். தலையை ஒட்ட வெட்டியிருக்கிறார்கள். அவன் அம்மாவின் முகம் அவனுக்கு இருப்பது இப்போதுதான் தெரிகிறது.

"சாப்பாடெல்லாம் எப்படிடா மாப்ள?"

"அக்கா வந்திருக்காளா?" என்றான். வெளியே இருக்கிறாள், கூப்பிடவா என்றேன்.

"வேணாம் மாமா. அவகிட்ட ஒண்ணு சொல்லிருங்க. அம்மா படுத்த படுக்கையா இருக்காம். அது செத்தா அக்கா வரக்கூடாது. நான் செத்தாலும் வரக்கூடாது. இதச் சொல்லத்தேன் வந்தேன்." திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.

வெளியே வந்தேன். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். உள்ளே இருந்த நேரத்தை வைத்து, அவன் வந்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக என்னிடம் நேராகக் கேட்டாள். "வந்தானா? என்ன சொன்னான்?"

"அக்கா சாப்டாளான்னு கேட்டான்" என்றேன்.

சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். பிறகு பஸ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். திண்டுக்கல் வரும்வரை என் தோளில் சாய்ந்து தூங்கினாள்.

அக்கா, அவளுக்குத் தனியாகக் கடிதம் எழுதுவாய். எழுது. ஆனால் இதைப் பற்றி மட்டும் அவளிடம் எதுவும் கேட்டுவிடாதே.

உன் தம்பி
ராஜ்